எள்ளளவுப் பூச்சிக்கு ஒரு பூட்டு

அக்டோபர் 9, வியாழன்

ஆற்றங்கரைக் குட்டைகளில் இன்று ஆறாவது தடவையாக வலை போட்டோம். ஆடியில் தாமிரபரணி கரைமீறிப் பரவி, வடியும்போது தாழ்வான இடங்களில் விட்டுப்போன தண்ணீர்தான் இந்த நாலு குட்டைகளும். அவற்றில் வாழும் பூச்சிகளைப் பிடித்து, இன்னது இன்னதென்று இனம் பிரித்துப் பட்டியல் போட வேண்டும். கல்லூரியின் ஓராண்டுத் திட்டம். செய்பவர்கள் இரண்டு பேர், நானும் ஹெப்சிபாவும். இரண்டாம் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் இடம். யாருக்கு என்பதைத் துறைத்தலைவர் தைலம்மை மேடம் நவம்பர் கடைசிக்குள் சொல்வார்.

எனக்கு அந்த இடத்தின்மேல் ஆசை கிடையாது. நாற்பத்தாறு வயது, அதில் பதினேழு வருடம் தற்காலிக ஆசிரியர். இனி எது வந்தால் என்ன, போனால் என்ன. ஆனாலும் அதை இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கும்முன் மேடம் யோசிப்பார் என்று நினைக்கிறேன்.

அட்டெண்டர் வேலாண்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையை இழுத்தார். வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் நீர்த்தேள் இரண்டு, மல்லாந்து நீந்துகிற பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு, முதுகு நிறைய முட்டை ஒட்டிய பெரிய நீர்ப்பூச்சி ஒன்று. அது ஆண். பெண் வந்து அதன் முதுகில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வேலாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைய இவன் தலையில கட்டிட்டு அவ போயிட்டா, பாத்தீயளா சார்."

மூன்றாம் குட்டையில்தான் சங்கதி. தண்ணீர் மேல் எள்ளளவில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தவற்றை நாற்பத்திரண்டு பிடித்தேன். பன்னிரண்டை ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். முப்பதை உயிரோடு பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன். வரும் வழியில் சைக்கிள் பங்சர்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஞாயிறும் அதுவுமாக ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். இனங்காணும் அட்டவணை என்பது கேள்வி கேட்டுக் கேட்டே ஆளைக் கூட்டிப்போகும். வாய் குத்தூசி போல இருக்கிறதா? ஆம் எனில் 2-க்குப் போ. உணர்கொம்பு வெளியே தெரிகிறதா? ஆம் எனில் 5-க்குப் போ. இப்படியே பதிமூன்று கேள்வி தாண்டிப் பதினான்கில் வந்து நின்றேன். "முன்னிறக்கையில் வெள்ளைத் திட்டு உண்டா, இல்லையா?"

என் பூச்சிக்கு இறக்கையே இல்லை. குஞ்சு என்று தள்ளிவிடவும் முடியாது. மைக்ராஸ்கோப்பில் கால், இன உறுப்பு எல்லாம் பார்த்துவிட்டேன். முழுதாக முதிர்ந்தவை.

அப்படியானால் இது இதுவரை யாரும் எழுதாத இனம்.

கண்டுபிடித்தவன் தன் பெயரையே வைக்கக் கூடாது என்பது மரபாம். பிறகென்ன மண்ணாங்கட்டிக் கண்டுபிடிப்பு. ஆற்றின் பழைய பெயரான பொருநையை வைக்கலாம். வீட்டில் மனைவி கோமுவிடம் சொன்னேன். "சரிங்க. சிலிண்டர் தீந்துட்டு, நாளைக்குப் பதிஞ்சிருங்க" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

சொல்லியிருக்கக் கூடாது. ஹெப்சிபா தொட்டியை எட்டிப் பார்த்தபோது வாய் சும்மா இருக்கவில்லை, புது இனம் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் உறுத்துகிறது.

"புதுசா இருக்காது சார். குட்டையில தண்ணி நெறைய கெடந்தா இதுல நெறைய பேருக்கு றெக்கை வராது. தண்ணி வத்தி நெருக்கடியாச்சுன்னா அடுத்த தலைமுறை றெக்கையோட வரும். பறந்து வேற குட்டைக்குப் போணும்லா."

"நீ பாத்திருக்கியாம்மா?"

"கண்ணால பாக்கல சார். படிச்சிருக்கேன்."

படித்திருக்கிறாளாம். நான் கண்ணால் பார்த்ததை அவள் படித்ததை வைத்துத் தட்டிவிடுகிறாள். எம்.எஸ்ஸியில் பூச்சியியல் எடுத்தவள், நான் மீன் குடலில் இருக்கும் புழுவில் எம்.பில். செய்தவன், அந்தத் தெம்பு. புது இனம் இல்லை என்று என் வாயை அடைத்துவிட்டு நாளைக்கே அவள் பெயரில் கட்டுரை வந்தால் நான் யாரிடம் போய் அழுவது?

அக்டோபர் 16, வியாழன்

ஸ்பிரிட் குப்பியை எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

மூன்று முறை எண்ணினேன். ஒன்பதுதான்.

பதிவேட்டைப் புரட்டினால் அவள் கையெழுத்து: "மூன்று எடுத்துள்ளேன், இன உறுப்பைப் பிரித்துப் பார்க்க. ஹெ." எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். கேட்காமலே கணக்குச் சொல்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

தொட்டியை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைக்கு மாற்றிவிட்டேன். பெரிய தொட்டி கதவுக்குள் நுழையவில்லை. பாத்திரம் கழுவுகிற சிறிய பேசினில் முப்பதையும் ஊற்றினேன். பழைய பூட்டைக் கழற்றிவிட்டு என் பூட்டைப் போட்டேன். சாவி என் பூணூலில். கோமு கண்டுபிடித்துவிட்டாள்.

"பூச்சிக்குப் பூட்டுப் போட்ட மொத ஆளு நீங்கதான். சோறாவது வைக்கீங்களா அதுக்கு?"

கையில் உட்காரும் கொசுவை அடித்து அடித்துப் போடுகிறேன். நன்றாகத் தின்கின்றன.

அக்டோபர் 18, சனி

முப்பதும் இருக்கின்றன.

அக்டோபர் 28, செவ்வாய்

பேசினில் பொடிப்பொடியாக ஏதோ ஓடுகிறது. லென்ஸில் பார்த்தால் குஞ்சுகள்! நூறாவது இருக்கும். என் இனம் என் கண்ணெதிரே பெருகுகிறது. தாய் தகப்பன் இரண்டுக்கும் இறக்கை இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இவை வளர்ந்ததும் ஹெப்சிபாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

தண்ணீர் நாலு விரல் இருந்தது, இரண்டு விரலுக்கு இறங்கிவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த அறையில் என்ன இருக்கிறதென்று ஊருக்கே தெரிந்துபோகும். இருக்கட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது சாமான் அறை வாசலில் வேலாண்டி நின்றார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"வெளக்குமாறு உள்ள இருக்கு சார். என் சாவி போட்டா தெறக்க மாட்டேங்கு."

"போட்டுப் பாத்தீரா?"

"பாத்தேன் சார். ரெண்டு மட்டம்."

ஒத்துக்கொண்டார்! அதுவும் சிரித்துக்கொண்டே. அவர் ஹெப்சிபாவுக்கு ரொம்ப வேண்டியவர். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவள் டீ வாங்கிக் கொடுப்பதும், இவர் அவள் பையைத் தூக்குவதும் நான் பார்க்காததா? விளக்குமாற்றை நானே எடுத்து வெளியே போட்டேன்.

தண்ணீர் ஒரு விரல்தான் இருக்கிறது. பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுகின்றன.

நவம்பர் 10, திங்கள்

களவு போய்விட்டது.

காலையில் பூட்டைத் திறந்து பார்த்தால், பேசினில் ஏழு பூச்சிகளுக்கு இறக்கை. நல்ல கறுப்பு இறக்கை, அதில் வெள்ளைத் திட்டு. அட்டவணையில் வைத்துப் பார்த்தேன். பதினான்காம் கேள்வி, ஆம், உண்டு. வயலிலும் வாய்க்காலிலும் சாதாரணமாகக் கிடைக்கிற இனத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பழையவற்றில் பத்துப் பதினொன்றுதான் மிச்சம். சில செத்து மிதந்தன, மீதியைக் காணோம்.

யாரோ என்னுடையதை எடுத்துக்கொண்டு, வாய்க்காலில் கிடைக்கிற சாதாரணப் பூச்சியை அந்த இடத்தில் விட்டிருக்கிறார்கள். என்னைக் கோமாளியாக்க. என் சந்தேகம் பொய்க்கவில்லை என்பதில் முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பூட்டில் கீறல் இல்லை. ஆக, கள்ளச்சாவி. ஏழையும் சாட்சியத்துக்காக ஸ்பிரிட்டில் போட்டுவைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மேடத்திடம் புகார் எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். ஹெப்சிபா பெயரும், உடந்தை என்று வேலாண்டி பெயரும். தேதிவாரியாக எழுதியிருந்தேன், இந்த நாட்குறிப்பு அதற்கு உதவியது. மேடத்தின் படிப்பு இறால் வளர்ப்பு. பூச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"வக்கீல் எழுதின மாதிரி எழுதியிருக்கீங்க, சங்கரநயினார்."

பதினேழு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. விசாரணை வருகிற திங்கட்கிழமை. இரண்டாம் ஆண்டு இடத்தைப் பற்றியும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவாராம். எனக்கு அதில் அக்கறையில்லை, நியாயம் கிடைத்தால் போதும்.

நவம்பர் 14, வெள்ளி

ஹெப்சிபா என் மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்மேல எழுதுனது இருக்கட்டும் சார். அண்ணாச்சி என்ன செஞ்சாவ? மார்ச்ல ரிட்டயர்மென்ட் அவங்களுக்கு. விசாரணை நிலுவையில கெடந்தா பென்ஷன் நின்னு போகும்."

"உண்மை வெளிய வந்தா அவருக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

"எது சார் உண்மை? பேசின்ல எவ்வளவு தண்ணி இருந்துது, அத மட்டும் சொல்லுங்க."

பேச்சை மாற்றுகிறாள் பாருங்கள். குற்றமுள்ள நெஞ்சு.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று கல்லூரியில் ஆள் இருக்காது. களவாளி மறுபடி வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காலை ஒன்பதுக்கே சாமான் அறையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே தாழ்ப்பாள். விளக்கைப் போட்டுக்கொண்டு, பொழுது போக லென்ஸை எடுத்தேன்.

பதினொன்றே கால் மணிக்குப் பேசின் விளிம்பில் ஒரு குஞ்சு ஏறி நின்றது. நகரவில்லை. செத்துவிட்டது என்று நினைத்தேன். முதுகு நடுவில் பிளந்தது. உள்ளிருந்து வெளுப்பாக ஒன்று பின்வாங்காமல் மெல்ல மெல்ல வெளியே வந்தது. தோளில் கசங்கிய துணி போல ஏதோ இருந்தது. இருபது நிமிடத்தில் அது நீண்டு விரிந்து முதுகின்மேல் படிந்தது. ஒரு மணி நேரத்தில் கறுத்தது. வெள்ளைத் திட்டு இருந்தது.

ஒன்று இப்படி ஆகலாம், விதிவிலக்கு என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு மணிக்குள் இன்னும் இரண்டைப் பார்த்தேன்.

கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. நானும் அவையும் தவிர அறையில் ஒருவரும் இல்லை.

பேசின் நாறத் தொடங்கியிருந்ததால் தண்ணீரைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கழுவிக் கவிழ்த்தேன். சுத்தம் முக்கியம். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கோமு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 17, திங்கள்

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இது சத்தியம்.

மேடம், இன்னும் இரண்டு பேராசிரியர்கள், நான். வேலாண்டி சுவரோரம் நின்றார், புதுச் சட்டை போட்டிருந்தார். நான் தொண்டையைக் கனைக்கும்முன் மேடம் ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஹெப்சிபா காலையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். "சாமான் அறையில் இருந்த பூச்சிகளை எடுத்து மாற்றி வைத்தது நான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. அட்டெண்டர் திரு. வேலாண்டிக்கு இது தெரியாது. வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்."

நடக்காத களவுக்கு ஒருத்தி கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த அறையிலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேலாண்டி வாய்விட்டு அழுதார். "அந்தப் பிள்ள எடுக்காது மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை வெளியே போகச் சொன்னார்கள்.

"உங்களுக்குத் திருப்திதானே, சங்கரநயினார்?"

"சரி மேடம்" என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை.

நவம்பர் 19, புதன்

மழை. இரண்டாம் ஆண்டு ஆணை என் பெயருக்கு வந்தது. கோமு கேசரி கிண்டினாள்.

ஹெப்சிபா சின்னப் பெண், வேறு இடம் கிடைக்கும். நானா எழுதிக் கொடுக்கச் சொன்னேன்? அவளாகத்தானே எழுதினாள்?

நவம்பர் 21, வெள்ளி

ஆறு கரைமீறி ஓடுகிறது. நாலு குட்டையும் ஒரே செம்மண் தண்ணீர், எது எங்கே இருந்ததென்று அடையாளம் தெரியவில்லை. பாலத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு பூச்சி வேண்டும் என்றாலும் இனி மாதக்கணக்கில் கிடைக்காது.

ராத்திரி கோமு கேட்டாள். "அந்தப் பிள்ளைதான் எடுத்துச்சா?"

"அவளே எழுதிக் கொடுத்திருக்கா."

"நான் அதக் கேக்கல."

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன் எனக்கு ஒரு புது இனம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை, ஹெப்சிபா முகத்தில் விழிக்கிற யோக்கியதையும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். களவு எதுவும் நடக்கவில்லை, தண்ணீர் வற்றியதால் பிறந்த குஞ்சுகள்தான் இறக்கையோடு வந்தன, என் கண்ணால் பார்த்தேன், நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றேன்.

"சரி, காட்டுங்க அந்தக் குஞ்சுகள."

"கொட்டிட்டேன் மேடம்."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை."

"விசாரணைக்கு மொத நாளா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"றெக்கை முளைக்கும்னே வச்சுக்குவோம். எடுக்காதவ எதுக்கு எடுத்தேன்னு எழுதணும்? நீங்க நாலு பக்கம் கைப்பட எழுதியிருக்கீங்க, அவளும் கைப்பட எழுதியிருக்கா. இன்னைக்கு வந்து வாயால இல்லைங்கீங்க. அவ வீட்ல இருந்து யாராவது வந்து உங்களப் பாத்தாங்களா? என்ன பேசினாங்க?"

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே சுத்தமான உண்மை. அதை அவர் நான் எல்லோரையும் பார்ப்பது மாதிரியே பார்த்தார்.

நவம்பர் 25, செவ்வாய்

பஸ் பிடித்து ஹெப்சிபா ஊருக்குப் போனேன். அவளே கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீ எழுதினதத் திரும்ப வாங்கிக்கிட்டா நான் பேசிச் சரி பண்ணிருவேன்மா."

"வாங்க மாட்டேன் சார். நான் எடுக்கலன்னா அப்ப யாரு எடுத்தான்னு கேப்பாங்க. திரும்ப அண்ணாச்சிகிட்டதான் வந்து நிப்பாங்க."

"விசாரணைக்கு மொத நாள் ஞாயித்துக்கிழமை றெக்கை வந்தத என் கண்ணால பாத்தேன், யாருமே எடுக்கலன்னு நான் மேடத்துகிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்காங்க."

"எப்படி சார் நம்புவாங்க?" அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "தெரியாம நடந்துபோச்சுன்னு சொன்னா யாருதான் நம்புவா? ஞாயித்துக்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. திங்கக்கிழமை நான் எழுதுனத வாசிக்கும்போது நீங்க அங்கதான் இருந்திருக்கீங்க. அதுக்கு அப்புறம் ஒரு வாரம் சும்மா இருந்திருக்கீங்க. அத எழுதுனீங்களா?"

நான் எழுதவில்லை.

"அப்ப எழுதுங்க சார். அத எழுதுனா நம்புவாங்க."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு தடவை ஊர் தாண்டிப் போய்விட்டேனோ என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

நவம்பர் 26, புதன்

நாலு பக்கம் தேவைப்படவில்லை. எழுதியதை அப்படியே இங்கே பதிகிறேன்.

"ஹெப்சிபாவோ வேலாண்டியோ எதையும் எடுக்கவில்லை. பூச்சிகளை யாரும் மாற்றி வைக்கவும் இல்லை. விசாரணைக்கு முந்தின நாளே இது எனக்குத் தெரியும். தெரிந்ததும் மிச்சமிருந்த பூச்சிகளைச் சாக்கடையில் ஊற்றி அழித்தேன். விசாரணையில் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஆண்டு இடம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்தேன். அந்த இடம் எனக்கு வேண்டாம். அதை ஹெப்சிபாவுக்குக் கொடுக்க வேண்டும்."

எழுதி முடித்ததும் 'தெரிந்தே' என்பதை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை.

பதினொன்று பத்துக்கு மேடத்தின் மேசையில் வைத்தேன். ஒரு தடவைதான் படித்தார். இந்த முறை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உடனே நம்பிவிட்டார்.